தண்ணீரைக் கண்டால் பயமா?

முல்லைப் பெரியாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவள் நான். ஆனால் நாற்பது வயசு வரை முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே? அண்ணன் சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகினான். "பொம்பளப் பிள்ளைக்கு நீச்சல் எதுக்குடீ?" என்று அப்பத்தா என்னை மேட்டிலேயே உட்கார வைத்துவிட்டார்.

போன பங்குனியில் ஒருநாள். பள்ளிக்கூடத்தில் ஒன்றாய்ப் படித்த நாங்கள் ஐந்து பேர், பிள்ளைகளை அவரவர் மாமியாரிடம் விட்டுவிட்டு, புளியோதரையும் எள்ளுத் துவையலும் கட்டிக்கொண்டு கம்பத்தில் பஸ் ஏறினோம். கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால் குமுளி. அங்கிருந்து தேக்கடி. பெரியாறு புலிகள் காப்பகத்தில் மூங்கில் தெப்பத்தில் கூட்டிப் போகிறார்கள். துடுப்பு போடுவதும் நாமேதான்! மூங்கிலின் கணுக்களுக்கு நடுவே காற்று அடைபட்டிருப்பதால் அது மிதக்கிறது. கூடவே வழிகாட்டிகளும் துப்பாக்கியோடு ஒரு காவலரும் வருகிறார்கள். ஒரு காலத்தில் இதே காட்டில் களவாகப் பட்டை உரித்தவர்களில் சிலர், மனம் மாறி இன்று வழிகாட்டிகளாக இருக்கிறார்கள்.

"அக்கா, பெல்ட்டை மாட்டுங்க. மாட்டினாத்தான் தெப்பம் நகரும்" என்றார் வழிகாட்டித் தம்பி. புழுங்குகிறதே என்று மிதவைச் சட்டையின் வாரை நான் தளர்த்தி வைத்திருந்தேன். முனகிக்கொண்டே மாட்டினேன்.

1895-ல் அணை கட்டி முடித்தபோது மூழ்கிய காட்டு மரங்கள், பட்டுப்போய், இன்னும் தண்ணீருக்கு மேல் தலை நீட்டி நிற்கின்றன. இந்தத் தண்ணீர்தானே மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இறங்கி, நம் பள்ளத்தாக்கின் இருபோக நெல்லுக்கும் குடத்துக்கும் வருகிறது! கும்பிடத் தோன்றியது.

திடீரென்று, "யானைடீ!" என்று ஒருத்தி கத்தினாள். கரையில் குட்டியோடு நாலைந்து யானைகள். அவ்வளவுதான், ஐந்து பேரும் ஒரே பக்கம் எழுந்து பாய்ந்தோம். தெப்பம் சாய்ந்து, முழங்கால் வரை தண்ணீர் ஏறிவிட்டது. "உட்காருங்க! அப்படியே உட்காருங்க!" என்று தம்பி அதட்டியதில்தான் நிலைப்பட்டது. நான் கட்டியிருந்த வாரைப் பிடித்துக்கொண்டு நடுங்கினேன்.

இதே ஏரியில் 2009 செப்டம்பர் 30 அன்று இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். மிருகங்களைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் நகர்ந்ததையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். பேப்பரில் படித்து 'ஐயோ பாவம்' என்றவள்தான் நான். அன்றைக்கு நானே அதைச் செய்தேன்!

வீடு திரும்பியும் தூக்கம் வரவில்லை. நான் சிறுமியாக இருந்தபோது, ஆற்றில் மூழ்கிய பக்கத்து வீட்டுப் பையனைத் தூக்கி வந்து, தலைகீழாகப் பிடித்துச் சுற்றினார்கள், வயிற்றை அமுக்கினார்கள். அவன் பிழைக்கவில்லை. அப்படிச் செய்யவே கூடாது என்று இப்போது தெரிகிறது. அதனால் தாய்மார்களே, இவற்றை மனசில் போட்டு வையுங்கள்:

நீச்சல் தெரியாமல் யாரையும் காப்பாற்றக் குதிக்காதீர்கள். கம்பை நீட்டுங்கள், சேலையை வீசுங்கள், மூடி போட்ட காலி பிளாஸ்டிக் கேனை எறியுங்கள்.

கரையேற்றியதும் மூச்சு இல்லையென்றால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, முதலில் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். பிறகு மார்பின் நடுவே 30 அழுத்தம், 2 மூச்சு என்று உதவி வரும்வரை விடாமல் செய்யுங்கள். கண் விழித்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஆறும் குளமும் மட்டும் ஆபத்தில்லை. 2021-ல் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் மூழ்கி இறந்ததாகவும், அவர்களில் கிட்டத்தட்ட கால்வாசி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தவழும் பிள்ளைக்கு அரை வாளித் தண்ணீரே போதும். துணி துவைத்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். தொட்டிக்கு மூடி போடுங்கள்.

மறுநாள் காப்பி கொடுக்கும்போது, "லீவு விட்டதும் சின்னவளுக்கு நீச்சல் பழக்கணும்" என்றேன் இவரிடம். "பொம்பளப் பிள்ளைக்கு..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சித்திரையில் அண்ணன் தோட்டத்துக் கிணற்றில் அவள் இறங்கினாள். இடுப்பில் கேனைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே நானும் இறங்கினேன். அவள் நாலே நாளில் கேனை அவிழ்த்துவிட்டாள். எனக்கு இன்னும் கேன் வேண்டியிருக்கிறது. பரவாயில்லை, பயம் போய்விட்டதே!