கன்றுக் கணக்கு காட்டுக்குச் சான்று ஆகாது

வனச் சான்றிதழ் என்பது மேல்நாட்டுக் கடைகளில் மேசை நாற்காலிக்கு ஒட்டும் முத்திரை. வெப்பமண்டலக் காட்டை நம்பிப் பிழைப்பவர்களுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை என்று பலரும் சொல்கிறார்கள். சென்னையை ஒட்டிய எண்ணூர் முகத்துவாரத்தின் நிலையை அறிந்தவர்கள் இந்த வாதத்தை ஏற்க முடியாது.

"சான்றிதழ் மரத்துக்குத்தான், மனிதருக்கு இல்லை."

வனச் சான்றிதழுக்கு விதி வகுக்க 1993-ல் தோன்றிய எஃப்.எஸ்.சி. அமைப்பின் பத்துக் கோட்பாடுகளில் தொழிலாளர் உரிமை, பழங்குடியினர் உரிமை, சுற்றுவட்டார மக்களின் நலன் மூன்றுக்கும் தனித்தனி இடம் உண்டு. வெளித் தணிக்கையாளர் நேரில் வந்து பார்க்க வேண்டும். அறிக்கையின் சுருக்கம் பொதுவில் வெளிவர வேண்டும். மக்களின் குறைக்கு நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டும். எண்ணூரிலோ, அனல்மின் நிலையத்தின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்து ஆறு மேடிட்டதை மீனவர்கள் போராடியும் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போயும்தான் ஊருக்கு உணர்த்த வேண்டியிருந்தது. ஆற்றை நம்பியவர்களைத் தேடி விதி வருவதற்கும், விதியைத் தேடி அவர்கள் அலைவதற்கும் உள்ள வேறுபாடு சிறியதல்ல.

"ஏழைகளுக்கு அதில் வருமானம் வராது."

குவாத்தமாலாவின் பெத்தேன் காட்டில், சமூக ஒப்பந்தத்தில் காட்டைப் பெற்ற கிராமங்கள் சான்றிதழ் பெறுவது கட்டாயமாக இருந்தது. அவர்கள் மகாகனி மரத்தை அளவோடு வெட்டி விற்கிறார்கள். அலங்கார இலைகளைச் சேகரித்து ஏற்றுமதி செய்கிறார்கள். அவர்கள் காக்கும் பகுதியில் காடழிவு மிகக் குறைவு. அதே காட்டில், சட்டப்படி முழுப் பாதுகாப்புள்ள சில தேசியப் பூங்காக்களில் காடு வேகமாக அழிந்தது. காட்டால் வயிறு நிறைபவர்களே அதற்குக் காவலாக நின்றார்கள்.

"தணிக்கைச் செலவைச் சிறு கிராமங்கள் தாங்காது."

இதில் உண்மை உண்டு. சான்றிதழ் பெற்ற காடுகளில் பெரும்பங்கு குளிர்நாடுகளில் இருப்பதற்குச் செலவும் ஒரு காரணம். ஆனால் பல கிராமங்கள் ஒரே குழுவாகச் சேர்ந்து ஒரே சான்றிதழ் பெற வழி இருக்கிறது. தான்சானியாவின் கில்வா கிராமங்கள் 2009-ல் அப்படித்தான் பெற்றன. செலவு கூடுதல் என்றால் அதை அரசோ திட்டத்தை நடத்துபவரோ ஏற்கட்டும். மக்களின் உரிமையைக் குறைத்து மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை.

"எண்ணூருக்கு இதெல்லாம் எதற்கு? அலையாத்திக் கன்று நட்டால் போதும்."

மிகவும் ஆபத்தான வாதம் இதுதான். சேற்றுக்கு மேலே பென்சில் முனைகள்போல நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்களால்தான் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் காற்று வாங்குகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூரில் அந்த வேர்களில் அப்பியது. நீர் கெட்ட இடத்தில் எத்தனை கன்று நட்டாலும் அது காடாகாது. பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து முதலில் செய்தது, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீரை உள்ளே விட்டதுதான். நீர் வந்த பிறகே கன்று பிழைத்தது.

ஒழுங்கு என்பதை மீனவர்களுக்கு வெளியார் கற்றுத்தர வேண்டியதில்லை. பழவேற்காட்டில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் பாடு முறை தலைமுறைகளாக இருக்கிறது. அந்த அறிவுக்கு எழுத்தில் இடம் தருவதே நல்ல சான்றிதழின் வேலை.

ஆகவே, முத்திரை வராவிட்டாலும் அதன் விதிகள் எண்ணூருக்கு வரட்டும். கன்று நடும் முன் ஊர்ப் பஞ்சாயத்தின் சம்மதம் வேண்டும். நட்டது எத்தனை என்பதோடு நிற்காமல், மூன்று ஆண்டு கழித்துப் பிழைத்தது எத்தனை என்று எண்ண வேண்டும். ஆற்றின் ஆழத்தையும் இறால், நண்டு வரத்தையும் அதே அறிக்கையில் சேர்க்க வேண்டும். தணிக்கை செய்பவர் அரசுக்கும் ஆலைகளுக்கும் வெளியிலிருந்து வர வேண்டும். அறிக்கை தமிழில் இருக்க வேண்டும். இவை இல்லாமல் எந்த நடவையும் வெற்றி என்று அறிவிக்க யாருக்கும் உரிமை இல்லை.