அரை டோஸ் மருந்தும் ஒரு சின்னக் குளவியும்



போன வாரம் கல்வராயன் மலையடிவாரத்தில் பழைய மாணவன் ஒருவனின் தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஒன்றரை ஏக்கர் குச்சிக்கிழங்கு. வரப்பைத் தாண்டினால் காடு. ஸ்பிரேயரில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தான். "பூச்சி விழுந்திருக்காப்பா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லைங்க சார். ஒரு பாதுகாப்புக்கு அரை டோஸ் அடிச்சு வெச்சிடறேன். அரை டோஸ்ல நல்ல பூச்சி எதுவும் சாகாதுங்க."

சாகாமல் இருந்தால் மட்டும் போதுமா? அவனிடம் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

2008இல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது பலருக்கு நினைவிருக்கும். பப்பாளி, மல்பெரி, குச்சிக்கிழங்கு என்று எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டது. எவ்வளவு மருந்து அடித்தும் அடங்கவில்லை. கடைசியில் 2010இல், பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. அவற்றில் நன்றாக வேலை செய்தது அசெரோஃபேகஸ் பப்பாயே. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, மனிதரைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே பூச்சியைத் தின்று, ஓட்டைத் துளைத்து வெளியே வரும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் இவற்றைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தது. மருந்து அடக்காததைக் குளவி அடக்கியது.

இந்தக் குளவிக்குக் கண்ணைவிட மோப்பம் முக்கியம். துணையைத் தேடுவதும் பூச்சியைத் தேடுவதும் வாசனையால்தான். ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார், ஈயின் கூட்டுப்புழுவில் முட்டையிடும் ஒரு குளவிக்கு இமிடாகுளோபிரிட் மருந்தை மிக மிகக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்து 2017இல் எழுதினார்கள். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் வரும் ஒரு பங்கைவிடக் குறைவான அளவு. குளவி சாகவில்லை. ஆனால் இணைசேர்வது வெகுவாகக் குறைந்தது. பெண் குளவிக்கு இரையின் வாசனை பிடிபடவில்லை.

இதில் இன்னொரு சிக்கல். குளவிகளில் பொதுவாகக் கருவுறாத முட்டையிலிருந்து ஆண்தான் பிறக்கும். இணைசேராத தாய்க்கு மகள்கள் இல்லை. பூச்சியில் முட்டையிடுவது பெண் குளவி மட்டுமே. அப்படியானால் அடுத்த தலைமுறையில் நமக்கு வேலை செய்ய யார் இருப்பார்கள்?

வேரில் ஊற்றினாலும் இந்த வகை மருந்து செடி முழுக்கப் பரவும். ஸ்பெயினில் 2019இல் கண்டது இது: மருந்திட்ட ஆரஞ்சு வகை மரத்தின் சாற்றை உறிஞ்சிய மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீரிலும் நஞ்சு இருந்தது. அதைக் குடித்த நல்ல குளவிகள் செத்தன.

பக்கத்துக் காட்டையும் நினையுங்கள். அங்கே யாரும் ஸ்பிரேயர் தூக்குவதில்லை. ஆனாலும் புழுக்கள் காட்டை மொட்டையடித்து முடிப்பதில்லை. காரணங்களில் ஒன்று இத்தகைய குளவிகள். வளர்ந்த குளவிக்கு உணவு பூந்தேன். அது வரப்போரப் பூவிலும் குடிக்கும், காட்டோரப் பூவிலும் குடிக்கும். நம் மருந்தும் வரப்போடு நிற்பதில்லை. காற்றிலும் மழைநீரிலும் சேர்ந்து போகிறது.

மருந்தே தொடாதீர்கள் என்று சொல்லவில்லை. கடன் வாங்கிப் போட்ட பயிர் கருகும்போது உபதேசம் சோறு போடாது. ஆனால் பூச்சி வருமுன்னே "எதற்கும் இருக்கட்டும்" என்று அடிப்பது, நமக்காக உழைக்கிறவனை முதலில் முடமாக்குவது. முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். மாவுப்பூச்சி உப்பிப் பழுப்பாகி, உடலில் வட்டமான துளை தெரிந்தால் குளவி வந்துவிட்டது என்று அர்த்தம். பொறுங்கள். வேளாண் அலுவலரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நன்மை செய்யும் பூச்சி என்றால் தேனீ, பட்டுப்பூச்சி என்று கரும்பலகையில் எழுதி முடித்துக்கொண்டவன் நான். அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவன்தான் அவன். நான் கிளம்பும்வரை அவன் ஸ்பிரேயரை முதுகில் மாட்டவில்லை. பிறகு அடித்தானா என்று நான் கேட்கவில்லை.

தோட்டம் வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள்.