பத்து ஆண்டுத் தாள்கள் போதுமா?

“அக்கா, பத்து வருடக் கேள்வித்தாள்களைச் செய்து முடித்தால் எஸ்.பி.எம். தேர்வில் தப்பித்துவிடலாம்தானே?” ஜொகூர் பாருவில் படிவம் 5 படிக்கும் என் சித்தி மகள் சென்ற மாதம் இப்படிக் கேட்டாள். பாடநூலைப் படித்தாயா என்றேன். அதற்கு நேரமில்லை என்றாள்.

அவளுக்குச் சொன்ன பதிலையே இங்கும் எழுதுகிறேன்.

நான் 2021ஆம் ஆண்டின் எஸ்.பி.எம். மாணவி. தொற்றுக் காலம் என்பதால் தேர்வு எழுதியது 2022 மார்ச்சில். கே.எஸ்.எஸ்.எம். பாடத்திட்டத்தில் நடந்த முதல் எஸ்.பி.எம். அதுதான். அண்ணன் விட்டுச்சென்ற பழைய தாள்கள் ஓர் அடுக்கு இருந்தன. வரலாற்றுத் தாளைப் பிரித்தால் மெசபடோமிய நாகரிகம் பற்றிக் கேள்வி. எங்கள் படிவம் 4 நூலோ தேசிய உணர்வின் எழுச்சியிலிருந்து 1957 சுதந்திரம் வரை பேசியது. மூன்றாம் தாளும் நீக்கப்பட்டிருந்தது.

பொருந்திய கேள்விகளையும் மாதிரித் தாள்களையும் பொறுக்கியெடுத்துத் திரும்பத் திரும்பச் செய்தேன். 40 பல்தேர்வுக் கேள்விகளில் 30க்கு மேல் சரியாக வந்தது. உண்மையில் பாடம் புரியவில்லை, விடைகள் மனப்பாடமாகியிருந்தன. முன்னோட்டத் தேர்வில் ‘ஏன்’ என்று கேட்ட கட்டுரைக் கேள்விக்கு இரண்டு வரிக்கு மேல் எழுத வரவில்லை. மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்காகத் தாள்களை மூட்டை கட்டிவிட்டு, வண்ணப் பேனாவும் கையுமாகப் பாடநூலையே வாசிப்பதும் சரியல்ல. ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு குழு ஒரு பகுதியை நான்கு முறை வாசித்தது. இன்னொரு குழு ஒருமுறை வாசித்துவிட்டு, பாராமல் மூன்று முறை நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது வாசித்த குழுவே முந்தியது. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: வாசித்தவர்களுக்கு 40 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு நினைவிருந்தது.

நான் வழியை மாற்றிக்கொண்டது அந்த முன்னோட்டத் தேர்வுக்குப் பிறகுதான். ஓர் அத்தியாயம் படிப்பேன். நூலை மூடிவிட்டு வெற்றுத்தாளில் எழுதிப் பார்ப்பேன். பிறகு அந்த அத்தியாயத்தில் பத்துக் கேள்விகள். தவறிய ஒவ்வொன்றின் பக்கத்திலும் காரணம் எழுதுவேன். பாடம் தெரியவில்லையென்றால் மீண்டும் பாடநூல். கேள்வி புரியவில்லையென்றால் ஆசிரியர். நேரம் போதவில்லையென்றால் மட்டுமே மேலும் பயிற்சித் தாள். கடைசி மாதத்தில்தான் கடிகாரத்தை வைத்து முழுத் தாள் எழுதினேன்.

‘இப்படிச் செய்தால் தாள்களின் எண்ணிக்கை குறையுமே’ என்பார்கள். குறையட்டும். திருத்திப் பார்க்காத மூன்று தாள்களைவிடத் தவறுகளை அலசிய ஒரு தாள் மேல். வெப்பமானி காய்ச்சல் இருப்பதைக் காட்டும். பத்து முறை வைத்துப் பார்த்தாலும் காய்ச்சலைக் குறைக்காது.

எனக்கு வரலாற்றில் ‘ஏ’ வரவில்லை. ஆனால், எழுதிய ஒவ்வொரு வரியும் எனக்குப் புரிந்து எழுதியது. தம்பி தங்கைகளே, இன்றிரவு புதிய தாளைப் பிரிக்க வேண்டாம். கடைசியாகத் திருத்திக் கிடைத்த தாளை எடுங்கள். ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். நாளைக்கு எந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.