நேரம் காட்டிக் கொடுக்கிறது!

"என் செய்தி பூட்டப்பட்டிருக்கிறது, எவராலும் படிக்க முடியாது" என்கிறார்கள் நம் இளைஞர்கள். உண்மைதான். ஆனால் படிக்க வேண்டிய அவசியமே இல்லையென்றால்?

2013 டிசம்பர் 16 அன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. செய்தியைப் பல கணினிகள் வழியே சுற்றவிட்டு, புறப்பட்ட இடத்தை மறைக்கும் 'டோர்' மூலம் அது அனுப்பப்பட்டிருந்தது. அந்தப் பூட்டை யாரும் உடைக்கவில்லை. மிரட்டலுக்கு முந்தைய சில மணி நேரத்தில் பல்கலைக்கழக வைஃபையிலிருந்து டோருக்குள் நுழைந்தவர் யார் என்று பதிவேட்டைப் புரட்டினார்கள். ஒரு மாணவர் சிக்கினார். தேர்வைத் தவிர்க்கவே செய்ததாக ஒப்புக்கொண்டார்.

வயர்லெஸ் அலை காற்றில் பரவுவது. அருகிலுள்ள கருவி அதைப் பிடிக்கலாம். உள்ளடக்கம் புரியாது. ஆனால் எந்த நொடியில், எவ்வளவு பெரிய பொட்டலம், என்ன இடைவெளியில் போனது என்பது தெரியும். ஒரு முனையில் நுழைந்தவை வேறொரு முனையில் அதே இடைவெளிகளோடு வெளிவந்தால், நடுவே மறைவான வழி இருப்பதாக ஊகிக்கிறார்கள். கணக்குப் புத்தகத்தைப் பார்க்காமலே, லாரி கிளம்பிய நேரத்தையும் சரக்கு இறங்கிய நேரத்தையும் வைத்து யாருக்கு யாரோடு வியாபாரம் என்று சொல்லிவிடும் எதிர்க்கடைக்காரரை வணிகப் பெருமக்கள் அறிவார்கள். நெரிசல் மிகுந்தால் அந்த ஊகம் தவறவும் செய்யும்.

ஹார்வர்டு மாணவர் பிடிபட்டது நியாயமே. ஆனால் அதே நேரத்தில் சொந்த வேலையாக டோரைத் திறந்த இன்னொரு மாணவர் இருந்து, அவர் பெயர் முஸ்லிம் பெயராகவும் இருந்திருந்தால்? அமெரிக்க உளவு நிறுவனங்களின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஹேடன், இத்தகைய தொடர்பு விவரங்களை வைத்தே ஆட்களைக் கொல்வதாக 2014-ல் பகிரங்கமாகச் சொன்னார். ஊகத்தையும் துருவி ஆராய்வதையும் அல்ஹுஜுராத் அத்தியாயம் கண்டித்திருக்கிறது. 1995 வரை தடாவின் கொடுமையைக் கண்ட சமுதாயத்திற்கு, சந்தேகமே ஆதாரமாவது புதிதுமல்ல.

நம் நாட்டில் அழைப்புப் பதிவுகளை ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்றிருந்த விதி, 2021 டிசம்பரில் இரண்டாண்டாக்கப்பட்டது. நீதிமன்ற உத்தரவின்றியே காவல்துறை அவற்றைக் கேட்டுப் பெறுகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-ல் ஒருமனதாகத் தீர்ப்பளித்த பிறகும், 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க வழி வைத்திருக்கிறது.

கடை வைஃபையை வருவோர் போவோருக்கெல்லாம் திறந்துவிடும் வணிகர்கள் இன்றே கடவுச்சொல்லை மாற்றட்டும். எவர் எதைச் செய்தாலும் பதிவு கடையின் பெயரில்தான் நிற்கும். அரசிடம் நாம் கேட்பது இரண்டு. நீதிபதியின் உத்தரவின்றி எவருடைய பதிவையும் எடுக்கக் கூடாது. நேரப் பொருத்தம் ஒன்றை மட்டும் வைத்து எவரையும் கைது செய்யக் கூடாது.