‘என் கம்ப்யூட்டர்ல ஓடுதே!’ - சண்டையைத் தீர்க்கும் பெட்டி

‘என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே ஓடுது!’ - மென்பொருள் அலுவலகங்களில் அடிக்கடி கேட்கும் டயலாக் இது. ஒருவர் எழுதிய புரோகிராம், பக்கத்து சீட்காரரின் லேப்டாப்பில் படுத்துவிடும். இருவரிடமும் இருப்பது வேறு வேறு வெர்ஷன்கள் என்பதுதான் பெரும்பாலும் காரணம்.

இதற்குத் தீர்வாக 2013-ல் வந்தது டாக்கர். கப்பலில் ஏற்றும் சரக்கு கன்டெய்னர்தான் இதற்கு முன்மாதிரி. உள்ளே எது இருந்தாலும் பெட்டியின் அளவு தரப்படுத்தப்பட்டது என்பதால், எந்தத் துறைமுகத்திலும் ஏற்றி இறக்கலாம். அதுபோல புரோகிராமையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒரே பெட்டியில் கட்டிவிடுகிறது டாக்கர். அதன் லோகோவே கன்டெய்னர் சுமக்கும் திமிங்கலம்தான்.

வெப்சைட், சர்வர், டேட்டாபேஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. எது எதோடு பேச வேண்டும் என்பது ‘கம்போஸ்’ ஃபைலில் இருக்கும். மொபைல் ஆப்பின் கோடையும் அதே ஃபோல்டரில் வைத்தால் டெம்ப்ளேட் ரெடி. புதிதாகச் சேருபவர், ‘டாக்கர் கம்போஸ் அப்’ என்ற ஒரே கட்டளையில் சர்வர் வரை எல்லாவற்றையும் ஓடவிடலாம்.

இரண்டு இடங்களில் உஷார் தேவை. ஆப்பில் சர்வர் முகவரியை ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று கொடுத்தால், போன் தனக்குள்ளேயே தேடும். லேப்டாப்பின் வைஃபை ஐ.பி முகவரியைத்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்ததுதான் பெரிய ஆபத்து. பாஸ்வேர்டுகள் இருக்கும் ‘டாட் என்வ்’ ஃபைலும் சேர்ந்து கிட்ஹப்பில் பொதுவில் ஏறிவிட்டால், அழித்தாலும் பழைய பதிவுகளில் தங்கிவிடும். உடனே பாஸ்வேர்டையே மாற்றுவதுதான் வழி.

பெட்டியை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். சாவி மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும்!