நீர் மாத்திரையும் சுண்ணாம்புச் சத்தும்

சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடையது. 2001இல் கோலார் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன; அங்கு உழைத்தோருள் பலர் இன்று முதியோர். இரத்த அழுத்தத்திற்கு நீர் மாத்திரையும், எலும்பு வலிவிற்கெனத் தாமே வாங்கிய சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் சேர்த்து உண்போர் இவ்வயதினரிடையே எவ்வூரிலும் உளர்.

நீர் மாத்திரை யாவும் ஒன்றெனக் கருதுவது பிழையாகும். பியூரோசமைடு சுண்ணாம்புச் சத்தைச் சிறுநீரோடு வெளியேற்றும். 1958 முதல் வழங்கிவரும் தயசைடு வகையோ, அதனைச் சிறுநீரகத்தினின்று இரத்தத்திற்கே திருப்பிவிடும். சிறுநீரகக் கல் மீண்டும் தோன்றாதிருக்க அது கொடுக்கப்படுவதும் இது பற்றியே. அதனுடன் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டியும் மிகுமாயின், தாகம், மலச்சிக்கல், மனக்குழப்பம் ஆகியன தோன்றக்கூடும். வீட்டார் இவற்றை மூப்பென்று விட்டுவிடுவர். தவறு பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது. ஊழியர் மருந்தின் பெயரைக் கேட்டறிந்து, இரத்தச் சோதனைக்கு மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். மாத்திரையைத் தாமே நிறுத்தச் சொல்லுதல் தகாது.