தேகத்தின் முறையீடும் கைப்பிடி வைத்தியமும்

தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் அந்தக் கணமே தறியை நிறுத்துகிறார். அறுந்த முனையைத் தேடிப் பிடித்து, முடிச்சிட்டு, விழுதிலும் அச்சிலும் அது சரியாக ஓடுகிறதா என்று பார்த்த பிறகே மறுபடியும் மிதியில் கால் வைக்கிறார். ஓர் இழைதானே என்று விட்டுவிட்டால் பழுது முழக்கணக்கில் ஏறிவிடும் என்பது அவருக்குத் தெரியும். அவ்வாறே, நட்ட பயிரில் நாலு இலை பழுத்திருந்தாலும் விவசாயி வரப்பில் நின்று பார்க்காமல் போவதில்லை. துணியிடத்தும் பயிரிடத்தும் இத்துணைக் கவனம் செலுத்தும் நம் அங்கத்தினர்கள், இவ்விரண்டையும் விளைவித்துத் தரும் தங்கள் தேகத்தினிடத்தில் மட்டும் அக்கவனத்தில் பத்தில் ஒரு பங்கும் செலுத்துவதில்லை. இது தனி மனிதருடைய சொந்த விஷயம் என்று சங்கம் ஒதுங்கி நிற்பதும் முறையன்று என்பது நமது அபிப்பிராயம்.

நம் தொழிலின் தன்மையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். குழித்தறியில் அமர்ந்தவர் முதுகை முன்னால் வளைத்து, ஒரு கையால் நாடாக் கயிற்றை இழுத்து, மறு கையால் அச்சுப் பலகையை அடித்து, இரு கால்களாலும் மாறி மாறி மிதிக்கிறார். கையும் காலும் ஓயாமல் அசைகின்றன. முதுகும் கழுத்தும் தோளுமோ ஒரே நிலையில் இறுகி நிற்கின்றன. அசையும் தசைக்கு இரத்தம் வந்து வந்து போகிறது. இறுகியே நிற்கும் தசையில் அவ்வோட்டம் குறைகிறது. ஆகவே அது விரைவில் களைத்து வலிக்கிறது. தார் சுற்றுபவருக்கு மணிக்கட்டிலும், நாற்று நடுபவருக்கும் களை பறிப்பவருக்கும் இடுப்பிலும் இதே துன்பம் நேர்கிறது. 2019-20 ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நெசவிலும் அதன் துணைத் தொழில்களிலும் ஈடுபட்டோர் 35 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். இத்தனை பேரின் மூலதனம் அவர்களுடைய முதுகும் கையும்தான்.

தேகம் திடீரென்று படுத்துக்கொள்வதில்லை, முன்கூட்டியே முறையிடுகிறது. முதலில் மாலையில் மட்டும் ஒரு பாரம் தோன்றி, இரவு உறங்கி எழுந்தால் நீங்கிவிடுகிறது. பிறகு காலையிலும் விறைப்பு நிற்கிறது. அதன் பின் வேலை தொடங்கிய சிறிது நேரத்திலேயே வலி வந்துவிடுகிறது. கட்டை விரலும் அடுத்த இரு விரல்களும் இரவில் மரத்துப் போய், கையை உதறினால் சரியாவது மணிக்கட்டின் உள்ளே நரம்பு நெருக்கப்படுவதற்கு அறிகுறி. முதற்படியில் செவிசாய்த்தால் சிறிது ஓய்வும் நிலைமாற்றமும் போதும். மூன்றாம் படியில் செவிசாய்த்தால் வாரக் கணக்கில் தறி நிற்கும்.

நம்மில் பலர் செய்வது என்ன? கடையில் வலி மாத்திரை வாங்கி, வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு மீண்டும் குழியில் இறங்குகிறோம். மாத்திரை முறையீட்டை அடக்குகிறதேயன்றி, முறையீட்டுக்குக் காரணமான சிரமத்தை அகற்றுவதில்லை. வைத்தியர் மேற்பார்வையின்றி மாதக்கணக்கில் இத்தகைய மாத்திரைகளை உட்கொள்வதால் இரைப்பையில் புண்ணும் சிறுநீரகத்தில் கேடும் உண்டாகலாம் என்பது தெளிவாக அறியப்பட்ட உண்மை.

நம் முன்னோர் கையாண்ட வழி ஒன்று உண்டு. எண்ணெய் முழுக்கும், தசைகளை நீவிப் பிடித்து விடுதலும் நம் வீடுகளுக்குப் புதியன அல்ல. சித்த மருத்துவம் இதனைத் தொக்கணம் என்று பெயரிட்டு, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் முதலிய ஒன்பது வகைகளாக வகுத்துள்ளது. அடிபட்ட இடத்தைக் கை தானாகவே சென்று தடவுகிறதே, அதற்கும் காரணம் உண்டு. தொடுகையையும் அழுத்தத்தையும் கொண்டு செல்லும் நரம்புகள், வலியைக் கொண்டு செல்லும் நரம்புகளின் செய்தியைத் தண்டுவடத்திலேயே ஓரளவு தடுத்துவிடுகின்றன என்ற கொள்கையை மெல்சாக், வால் என்னும் இரு அறிஞர்கள் 1965 இல் வெளியிட்டனர். பின்னர் அக்கொள்கை பல இடங்களில் திருத்தம் பெற்றதாயினும், அதன் அடிப்படை இன்றும் மதிக்கப்படுகிறது.

ஆயினும் மிகைப்படுத்திப் பேசுவது நமக்கு அழகன்று. பிடித்து விடுவதால் தசையில் தேங்கிய அமிலம் வெளியேறுகிறது என்று சொல்வார்கள். அவ்வமிலம் வேலை நின்ற ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய தானாகவே நீங்கிவிடுகிறது. விலகிய எலும்பைத் தள்ளி உட்கார வைத்ததாகக் கூறுவதும் பெரும்பாலும் சொல்லளவே. தேகம் தன்னைத் தானே செப்பனிட்டுக் கொள்கிறது. நாம் செய்வது அதற்கு இடம் கொடுப்பதுதான். அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017 இல் வெளியிட்ட நெறிமுறையும், புதிதாக வந்த இடுப்பு வலி பெரும்பாலும் காலப்போக்கில் தானே குறையும் என்று கூறி, முதலில் மாத்திரையை நாடாமல் வெப்ப ஒத்தடம், பிடித்து விடுதல் போன்றவற்றை நாடலாம் என்று பரிந்துரைத்தது. இவற்றால் கிடைக்கும் பயன் பெரும்பாலும் குறுகிய காலத்துக்கே. ஆனால் அந்தக் குறுகிய காலத்தில் மனிதன் நடமாடவும், நிம்மதியாக உறங்கவும் முடிந்தால் குணம் எளிதாகிறது. படுத்தே கிடப்பது இடுப்பு வலிக்கு மருந்தன்று. இயன்ற அளவு நடமாடுவதே நன்று.

முறையும் எளியதே. நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி, உள்ளங்கை முழுவதையும் பதித்து, முதலில் மெதுவாக நீவ வேண்டும். கை கால்களில் நுனியிலிருந்து மேல் நோக்கி நீவுவது வழக்கம். தசை இளகிய பின் கட்டை விரலால் சிறிது அழுத்தலாம். முதுகில் நடுவெலும்பின் மேல் அழுத்தாமல் அதன் இரு புறத்துத் தசைகளையே பிடிக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் போதுமானது. பிடித்துக் கொள்பவர் பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டியதில்லை. மூச்சை அடக்கும்படி வலித்தால் அழுத்தம் மிகுதி என்று அறியலாம்.

எங்கே கை வைக்கக் கூடாது என்பதை இன்னும் கவனமாக அறிந்திருக்க வேண்டும். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடேறி வலித்தால் அங்கே நீவக் கூடாது. உள்ளே இரத்தம் உறைந்திருக்குமானால் அது நழுவி நுரையீரலை அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். எலும்பு முறிவு, காய்ச்சலோடு கூடிய வீக்கம், புதிதாகப் பட்ட சுளுக்கு இவற்றின் மேலும் அழுத்தித் தேய்த்தல் ஆகாது. நீரிழிவினால் பாதம் மரத்தவருக்கு ஒத்தடத்தின் சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். முடி திருத்திய பின் கழுத்தைச் சடக்கென்று திருப்பி நெட்டி எடுக்கும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. அதனால் கழுத்து இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் நேர்வது அரிதாயினும் உண்டாதலால் அதைக் கைவிடுவதே நலம். இடுப்பு வலியோடு கால் பலமிழந்தாலும், தொடை இடுக்கு மரத்தாலும், சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். நெஞ்சு வலி இடது கைக்கும் தாடைக்கும் பரவினால் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடாமல் 108 ஐ அழைக்க வேண்டும்.

"தறியை நிறுத்தினால் கூலி யார் தருவார்?" என்று அங்கத்தினர் கேட்பது நியாயமே. துண்டுக் கூலிக்கு உழைப்பவருக்கு ஓய்வென்பது செலவு. ஆனால் முக்கால் மணிக்கு ஒரு முறை இரண்டு நிமிடம் குழியைவிட்டு ஏறி, தோளைச் சுழற்றி, இடுப்பை நிமிர்த்திவிட்டு இறங்குபவர், நாள் முடிவில் அவ்வளவாக எதையும் இழப்பதில்லை. பதினைந்து நாள் படுக்கையில் விழுந்தவரின் நஷ்டத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். வீட்டாரும் ஒன்றை எண்ண வேண்டும். நெசவாளர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்கள் கையில்தான் இருக்கின்றன. வேலை முடிந்து வந்த ஆண்மகனின் காலைப் பிடித்துவிட வீட்டில் ஆள் உண்டு. தறியைவிட்டு எழுந்து நேரே அடுப்படிக்குப் போகும் பெண்ணின் தோளைப் பிடித்துவிட யார் இருக்கிறார்கள்? மகளோ, மருமகளோ, கணவரோ அந்தப் பதினைந்து நிமிடத்தைக் கொடுப்பதில் குறைவொன்றும் இல்லை.

சங்கங்கள் செய்யக் கூடியவை சில உண்டு. தறிக்கு அச்சும் விழுதும் வாங்கித் தருவதைப் போலவே, உட்காரும் பலகையின் உயரம் அவரவர் உடலுக்கு ஏற்றதா, தறிக்கு வெளிச்சம் போதுமா என்று பார்ப்பதும் சங்கத்தின் வேலையே. விதிகள் இடம் தரும் அளவில், பொது நன்மைக்கான நிதியிலிருந்து ஆண்டுக்கு இரு முறை ஓர் இயன்முறை மருத்துவரையும் ஒரு சித்த வைத்தியரையும் வரவழைத்து, அங்கத்தினர் குடும்பங்களுக்கு முறையாகப் பிடித்துவிடக் கற்பிக்கலாம். நின்றபடியே தள்ளிக் களையெடுக்கும் கருவிகளைச் சங்கமே வாங்கி, முறை வைத்து வாடகைக்கு விடலாம். தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5 ஆம் தேதி தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டிற்கே வந்து அளிக்கும் இயன்முறைச் சிகிச்சையும் அடங்கும். நடமாட இயலாத முதிய அங்கத்தினர்களின் விவரத்தைச் சுகாதாரப் பணியாளர்களிடம் தெரிவிப்பது செயலாளருக்கு அரை நாள் வேலைதான்.

கடன் தவணையை ஒத்திப் போட்டால் வட்டி ஏறும் என்பதைச் சங்கத்தில் சேர்ந்த நாள் முதல் அறிந்தவர்கள் நாம். தேகத்துக்குக் கொடுக்க வேண்டிய தவணையும் அத்தகையதே. அடுத்த பொதுக் கூட்டத்தில் நூல் வரவு, கூலி உயர்வு, நிலுவை இவற்றோடு இதையும் ஒரு விஷயமாகச் சேர்த்து விவாதித்து, ஒரு தீர்மானமேனும் நிறைவேற்றும்படி அங்கத்தினர்களையும் நிர்வாகக் குழுவினரையும் கேட்டுக்கொள்கிறோம்.